பழைய வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் கூடுவது: போவதா, வேண்டாமா?

கேள்வி, ஜனவரி 9

பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பழைய பள்ளியிலேயே ஒரு நாள் கூடலாம் என்கிறார்கள். நான் அப்போதே அதிகம் பேசாத ஆள். முன் பெஞ்சும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. இந்த மாதிரி சந்திப்பெல்லாம் வாழ்க்கையில் நன்றாக வந்தவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள நடத்துவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போய் என்ன ஆகப்போகிறது? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

போங்கள். பன்னிரண்டு பேர் என்பதால்தான் போகச் சொல்கிறேன். எண்பது பேர் கூடும் மண்டபச் சந்திப்புக்கும் போயிருக்கிறேன், அங்கே எல்லாரிடமும் அதே மூன்று கேள்வி: எங்கே இருக்கே, என்ன பண்றே, எத்தனை பிள்ளைங்க. பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் கண் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் இந்த மூன்று கேள்வியும் முதல் அரை மணியிலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் உண்மையாகப் பேச வேண்டியிருக்கும்.

காட்டிக்கொள்ள வருகிறவர் இருப்பார், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்திலும் ஒருத்தன் கார் சாவியை மேசைமேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தான். ஆனால் சின்னக் கூட்டத்தில் பெருமை சீக்கிரம் செலவாகிவிடும். ஒரே ஆளிடம் இரண்டாவது தடவை சொல்ல முடியாது இல்லையா. மதியத்துக்கு மேல் அந்தச் சாவி எங்கே என்று அவனே தேடிக்கொண்டிருந்தான்.

ஜனவரி 11

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. பள்ளியிலேயே நடத்துகிறார்கள் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண்டபத்தில் நீங்கள் இன்றைக்கு இருக்கும் ஆள், உங்கள் வேலை, உங்கள் சட்டை. வகுப்பறைக்குள் போனால் அதெல்லாம் ஒரு படி இறங்கிவிடுகிறது.

எங்களுக்குத் திறந்துவிட்ட அறையில் பழைய மர பெஞ்சு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரும் வேறு நிறம், கரும்பலகை இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை. பேசிக்கொண்டே ஆளாளுக்கு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏய், எல்லாரும் அவங்கவங்க இடத்துலதான் உட்கார்ந்திருக்கோம்" என்றாள். ஜன்னல் பக்கம் உட்காருகிறவன் ஜன்னல் பக்கம், கதவுக்குப் பக்கத்தில் ஓடத் தயாராக இருப்பவன் கதவுக்குப் பக்கம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இதற்கு ஓர் ஆய்வைக்கூடக் காட்டலாம். 1975இல் காடன், பேட்லி என்ற இருவர், நீரில் மூழ்கி நீந்துகிறவர்களைத் தண்ணீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியலைக் கற்கச் சொல்லிச் சோதித்தார்கள். எங்கே கற்றார்களோ அங்கேயே சொல்லச் சொன்னபோது அதிகம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்குள் காலை வைத்ததும் எங்கிருந்தோ பட்டப்பெயரெல்லாம் வந்து விழுவதற்கு இதுதான் காரணம் என்பார்கள்.

ஜனவரி 12

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: அந்த மூழ்கிச் சோதனையை 2021இல் நெதர்லாந்தின் யாப் மூரே திரும்பச் செய்து பார்த்தார், அதே முடிவு வரவில்லை. உண்மைதான், அதையும் சேர்த்தே படியுங்கள். நாற்காலி விஷயத்துக்கு நினைவாற்றல் காரணமாக இல்லாமல் வெறும் சுபாவமாகவும் இருக்கலாம். ஓடப் பார்க்கிறவன் எந்த அறையிலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவான், அவன் கல்யாண வரவேற்பிலும் அப்படித்தான்.

ஜனவரி 14

"முகம் அடையாளம் தெரியாமல் போனால் அசிங்கம்" என்று இன்னொருவர் பயப்படுகிறார். பயப்பட வேண்டாம். இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாரி பாரிக்கும் கூட இருந்தவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வு: 392 பேர், பள்ளியை முடித்து சில மாதமே ஆனவர் முதல் 48 ஆண்டு ஆனவர் வரை. ஆண்டுமலரிலிருந்து படங்களைக் காட்டி, இவர்களில் உங்களோடு படித்தவர் யார் என்று கேட்டார்கள். 15 ஆண்டு கழித்தும் பெயர், முகம் இரண்டையும் 90 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 48 ஆண்டுக்குப் பிறகும் பெயர் 80, முகம் 70. ஆனால் எந்தத் துப்பும் இல்லாமல் "உன் வகுப்பில் யார் யார், சொல்லு" என்று கேட்டால் கதை வேறு: 15 ஆண்டில் 60 சதவீதம், 48 ஆண்டில் 30.

அதாவது பார்த்தால் தெரியும், கேட்டால் வராது. வீட்டில் உட்கார்ந்து பெயர்களை எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு யாருமே நினைவில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஒரு சின்ன வில்லங்கம், அந்த ஆய்வில் காட்டியது பழைய படம். நமக்கு நேரில் வருவது வழுக்கையும் கண்ணாடியும் தொப்பையும். எனக்கு உதவியது குரல். வாசலில் நின்ற ஆளைச் சுத்தமாகத் தெரியவில்லை, வாயைத் திறந்து "என்னடா" என்றான், அந்த 'என்னடா' அப்படியே இருந்தது. அதனால் அடையாளம் தெரியாவிட்டால் முழிக்காதீர்கள், பேச விடுங்கள். பெயர் ஒட்டிய அட்டையெல்லாம் சட்டையில் குத்த வேண்டாம், பன்னிரண்டு பேருக்கு அது அநியாயம்.

ஜனவரி 14, பிற்பகல்

வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் பெரிதாகப் பிரதி எடுத்து வரச் சொல்லுங்கள். செல்போனில் வேண்டாம், காகிதத்தில். ஆளுக்கொரு திரையைப் பார்ப்பதற்கும் நாலு தலை ஒரே தாளின்மேல் குனிவதற்கும் வித்தியாசம் உண்டு.

ஜனவரி 17

இதைச் சொல்ல யோசித்தேன், ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இறந்துபோனவர்கள் யார் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

எங்கள் வகுப்புத் தலைவனுக்கு வருகைப் பதிவேட்டின் வரிசை இன்னும் மனப்பாடம். எழுந்து நின்று அதே ராகத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தான். நாங்களும் "உள்ளேன் ஐயா", வராதவர்களுக்கு யாராவது கள்ளக் குரலில் "உள்ளேன் ஐயா", ஒரே சிரிப்பு. நடுவில் ஒரு பெயர். பதில் இல்லை. "அவன் எங்கடா, இன்னும் தூங்குறானா?" என்று ஒருத்தன் கேட்டான், பாவம், அவன் வெளிநாட்டில் இருந்ததால் தெரியாது. தெரிந்தவர்கள் நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கேட்டவன் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், யாருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 18

வாத்தியார்களைக் கூப்பிடுவதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கூப்பிடுங்கள், ஆனால் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும். காலையிலிருந்தே வந்தால் அது வகுப்பாகிவிடும். நாம் கையைக் கட்டிக்கொள்வோம், அவர் அறிவுரை சொல்லுவார், ஐம்பதைத் தொட்ட ஆட்கள் "சரிங்க சார்" என்று தலையாட்டுவோம். கொஞ்ச நேரம் அது சுகம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்களில் ஒருவன், குறிப்பிட்ட ஒரு ஆசிரியர் வந்தால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அடித்த அடி அப்படி. உடனே குழுவில் ஆளுக்கு ஆள் "அதெல்லாம் நம்ம நல்லதுக்குத்தானேடா", "எத்தனை வருஷம் ஆச்சு, விடுடா". எனக்கு எரிச்சல் வந்தது. அடி வாங்கியவன் விடலாம், பார்த்துக்கொண்டிருந்தவன் எப்படி விடச் சொல்ல முடியும்? கடைசியில் அந்த ஆசிரியரைக் கூப்பிடவில்லை, அவன் வந்தான். அவன் இல்லாமல் கூடியிருந்தால் அன்றைய பேச்சில் பாதி இருந்திருக்காது. இப்படி ஒரு நிலை வந்தால் நண்பனைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி, மாற்றுக் கருத்து இருந்தால் இருக்கட்டும்.

ஜனவரி 18, இரவு

கேள்வி கேட்டவர் நடு பெஞ்சுக்காரர் என்று சொன்னதால் இது. வந்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு "உன்னை எப்படி மறப்பேன்" என்றார். மறந்துவிட்டார். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் மதிப்பெண் வாங்கியவர்களையும் வாலில்லா வானரங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னார், நடுவில் இருந்த நாங்கள் பொதுவாக "நல்ல பிள்ளைகள்". எனக்கு வருத்தமே இல்லை, எத்தனை வகுப்பு, எத்தனை முகம் பார்த்திருப்பார். கூடப் படித்தவர்கள் அப்படி மறப்பதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீங்கள் பேசாத ஆளாக இருந்ததைப் பக்கத்தில் இருந்தவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

ஜனவரி 21

மணி கதை. கேட்டவருக்குச் சம்பந்தமில்லை, ஆனால் நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு நாள் யாரோ பத்து நிமிஷம் முன்னாடியே கடைசி மணியை அடித்துவிட்டார்கள், மொத்தப் பள்ளியும் வெளியே ஓடியது. அதை அடித்தது நான்தான் என்று சந்திப்பில் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேருக்கும் தண்டவாளத் துண்டின் கனம் தெரியும், அடித்த சுத்தியலின் பிடி தெரியும், மறுநாள் முட்டி போட்ட இடம்கூடத் தெரியும். மூன்றும் வெவ்வேறு இடம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். பல வருஷம் கேட்ட கதை சொந்தக் கதையாகிவிடுகிறது.

மதிப்பெண் விஷயமும் இப்படித்தான். அதே பாரிக் 1996இல் இன்னும் இருவரோடு சேர்ந்து 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய பள்ளி மதிப்பெண் தரங்களைக் கேட்டு, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். மொத்தத்தில் 71 சதவீதம் சரி. ஆனால் 'ஏ' வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், 'டி' வாங்கியதை 29 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். தவறு பெரும்பாலும் மேல்நோக்கியே போயிருக்கிறது. எனவே "கணக்குல நான் எப்பவும் தொண்ணூறுக்கு மேல" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள், அவர் நம்பித்தான் சொல்கிறார்.

ஜனவரி 22

மணி அடித்தவர் யார் என்று நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். தெரியாது. மூவரும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜனவரி 25

இதிலிருந்து ஒரு யோசனை. எல்லாரும் கூடி உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொண்டால் அதிகம் நினைவு வரும் என்றுதான் நினைப்போம். வெல்டன், பெல்லிங்கர் இருவரின் 1997 ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: சேர்ந்து உட்கார்ந்து நினைவுகூர்ந்த குழு, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதியதைத் தொகுத்தால் வருவதைவிடக் குறைவாகவே நினைவுகூர்ந்தது. ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் யோசிக்கிற வரிசையைக் கலைத்துவிடும் என்பது இதற்குச் சொல்லும் முக்கிய விளக்கம். பார்த்திருப்பீர்களே, நாம் ஒன்று சொல்ல வாயெடுப்போம், சத்தமாகப் பேசுகிறவன் வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போவான், நம்முடையது தொண்டையோடு நின்றுவிடும்.

அதனால் வருவதற்கு முன்னால் ஆளுக்கு அரைப் பக்கம், ஒரே ஒரு சம்பவம், எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம், ஒருத்தர் மொத்தமாக வாங்கிப் படிக்கட்டும். அதிகம் பேசாதவர்களின் கதை இப்படித்தான் வெளியே வரும். அவர்களிடம்தான் நல்ல கதை இருக்கும், ஏனென்றால் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 26

வீட்டுப்பாடம் கொடுக்கிறேன் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். சரி, யோசித்தால் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. எழுத விரும்புகிறவர் எழுதட்டும், கட்டாயம் என்றதும் நாலு பேர் அன்றைக்கே காய்ச்சல் என்பார்கள், பழக்கம் விடாது.

ஜனவரி 29

நடைமுறை விஷயம், வேகமாக.

விடுமுறை நாளாகப் பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் நாளில் வெளியாட்களை வகுப்புப் பக்கம் விட மாட்டார்கள், விடாமல் இருப்பதுதான் சரி. நாம் அங்கே படித்தவர்கள் என்பது இன்றைக்கு அங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது: எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை. கேட்ட அறை கிடைக்காது, வேறு ஒன்று கிடைக்கும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டிக் குதிக்கிற வயது எங்களில் யாருக்கும் இல்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

வகுப்பில் படித்த பெண்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், கல்யாணத்துக்குப் பிறகு பலருக்குப் பெயரின் பாதி மாறியிருக்கும், வலையில் தேடினால் கிடைக்காது. ஒருத்தரைப் பிடித்து அவர் மூலமாக அடுத்தவரைப் பிடிப்பதுதான் வழி. இரவு விருந்து என்று வைக்காமல் பகலில் வைத்தால் அவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள்.

பிப்ரவரி 2

விற்பனை கூடாது. இதை அழைப்பிலேயே போடுங்கள். காப்பீடு, சீட்டு, மனை, சத்து மாவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கு இல்லை. வேலை தேடுகிறவர் சொல்லிவைப்பது வேறு, அதைத் தடுக்காதீர்கள். மார்க் கிரானோவெட்டரின் 1973 கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி பார்க்கும் ஆளிடமிருந்து தகவல் வந்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் 55.6, அபூர்வமாகப் பார்ப்பவர் 27.8. பழைய வகுப்புத் தோழன் அந்தக் கடைசி வகை. நெருங்கின நண்பனுக்குத் தெரிவதெல்லாம் நமக்கும் தெரியும், இவனுக்குத் தெரிவது வேறு உலகம்.

பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்ற வேகமும் மாலை நாலு மணிக்கு மேல் வரும். எங்களில் ஒருவர் எங்கள் ஆண்டைப் பொறித்து நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்றார், எல்லாரும் கைதட்டினோம். தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டால், அவர் யோசிக்கவே இல்லை: "குடிநீர்க் குழாய் ஆறில் நாலு ஒழுகுது, அதைச் சரி பண்ணிக் கொடுங்க." குழாயில் ஆண்டைப் பொறிக்க இடமில்லை என்பதால் வளைவுக்காரருக்கு முகம் வாடிப்போனது. ஆனால் செய்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், எங்கள் சின்னக் குழுவிலேயே காலை வணக்கம் போடுகிறவர் இருவர், மீதிப் பேர் மௌன விரதம். அதனால் குழுவை நம்பாதீர்கள். கிளம்பும்போதே அடுத்த தேதியைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

பிப்ரவரி 16

கேட்டவர் போய் வந்துவிட்டார்! அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"போனேன். எல்லாரும் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்கள். 'நீ வரைஞ்ச படமெல்லாம் சுவத்துல மாட்டியிருந்தாங்களே, இன்னும் வரையுறியா' என்று கேட்டார்கள். நான் வரைந்ததே இல்லை. அது என் பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொருத்தர், அவரும் பேச மாட்டார். முதலில் மறுக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் நாலு பேர் சேர்ந்து புகழ ஆரம்பித்துவிட்டார்கள். 'இப்ப நேரம் கிடைக்கிறதில்ல' என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒருத்தர் மட்டும் தனியாக வந்து, 'நீ வரைய மாட்டியே, நீ என் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுப்பே' என்றார். அவரோடுதான் மாலை வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன்."

அட்டை போட்டதை நினைவு வைத்திருந்தவருக்கு என் வணக்கம். மற்றவர்கள்மேலும் குறை சொல்ல மாட்டேன், படங்களை மறக்கவில்லையே, ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 17

"அப்படியே விட்டுவிடலாமா, சொல்லிவிடலாமா" என்று அவர் கேட்கிறார். இங்கே வாக்கெடுப்பு நடத்தாத குறை. விட்டுவிடு என்கிறவர்கள் அதிகம்.

நான் சொல்லச் சொல்கிறேன். நியாயம் தர்மம் எல்லாம் அப்புறம், அடுத்த சந்திப்புக்கு அந்த நிஜமான ஓவியரைத் தேடிப் பிடித்திருக்கிறார்களாம், வருகிறேன் என்று சொல்லியும்விட்டாராம். அதற்குள் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இப்போதே வரையக் கற்றுக்கொள்ளுங்கள்.